ஏறினா வந்து சொல்றேன்

பதிவு கொஞ்சம் நீளம். டீயைப் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில், நான் நலமாக இருக்கிறேன். இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் என் மகள் குடும்பக் குரூப்பில் ஒரு போட்டோ போட்டாலும் போட்டாள், எனக்குப் போன் மேல் போன். ரோலர் கோஸ்டர் மேலிருந்து பாயும்போது அங்கே பொருத்தியிருக்கும் கேமரா தானாக எடுக்கும் போட்டோ அது. என் தலைமுடி பறக்கிறது. வாய் குகை மாதிரி திறந்திருக்கிறது. பக்கத்தில் பேத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள். மதுரை அண்ணன் அரை மணி நேரத்தில் மூன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "ஏம்மா, ஒனக்கு வயசு 69. ஞாபகம் இருக்கா இல்லையா?" என்பது முதலாவது. மற்ற இரண்டும் அதேதான், இன்னும் கொஞ்சம் சத்தமாக. மதினிக்கு ரோலர் கோஸ்டர் பெரிதாகப் படவில்லை. "சுடிதாரா போட்டிருக்கீக?" என்று கேட்டார். ஆமாம் மதினி, சுடிதார்தான். சேலையோடு ஏறினால் முந்தானை எங்கே போய்ச் சிக்கும் என்று யாருக்குத் தெரியும்? துப்பட்டாவைக்கூட மகளிடம் கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன்.

டாக்டரிடம் கேட்டீர்களா என்று கவலைப்பட்டவர்களுக்கு: கேட்டேன். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, இதயத்தில் கோளாறில்லை, மாத்திரையில் பிபி கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பதால் தலைகீழாகச் சுற்றுகிற எதிலும் ஏறக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்படியே நடந்துகொண்டேன். இதயநோய், முதுகு, கழுத்துப் பிரச்சினை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம் என்று ஒவ்வொன்றின் வாசலிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். டீச்சரே ஏறிவிட்டார் என்று நீங்கள் யாரும் அதைப் படிக்காமல் போய் ஏறிவிடாதீர்கள்.

நாங்கள் போன இடத்தின் பெயர் செடார் பாயிண்ட். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் சாண்டஸ்கி என்ற ஊரை ஒட்டி, ஈரி ஏரிக்குள் நாக்கு மாதிரி நீண்டிருக்கும் நிலத்தில் இருக்கிறது. மகள் இருப்பது டெட்ராய்ட் பக்கம். அங்கிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 1870இல் ஏரிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்காக ஆரம்பித்த இடம், இன்று பதினைந்துக்கும் மேற்பட்ட ரோலர் கோஸ்டர்களோடு நிற்கிறது. ஏரித் தண்ணீரின் குறுக்கே போட்ட சாலையில் கார் ஏறியதும் தூரத்தில் அவை தெரிய ஆரம்பிக்கும். யாரோ ராட்சதப் பிள்ளை கம்பிகளை வளைத்து விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. பேத்தி அதுவரை பின்சீட்டில் பேசிக்கொண்டே வந்தவள், அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு 12 வயது. பள்ளிக்கூடத்தில் அவளுடைய தோழிகள் எல்லோரும் மில்லேனியம் ஃபோர்ஸில் ஏறிவிட்டார்களாம், இவள் மட்டும்தான் பாக்கியாம். அது 310 அடி உயரம். 2000இல் திறந்தபோது முழுச்சுற்று ரோலர் கோஸ்டர்களில் உலகிலேயே அதுதான் உயரமானது. நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 170 அடி. அந்தக் கோபுரத்தின் தலையில் இன்னொரு கோபுரத்தைக் கொஞ்சம் குட்டையாகச் செய்து வைத்துப் பாருங்கள். அந்த உயரம்.

கூட்டம் சேரும் முன்பே போய்விடலாம் என்று மாப்பிள்ளை நேரே அங்கேதான் அழைத்துப்போனார். மகளுக்கு இதெல்லாம் ஆகாது, கீழே நின்றுகொண்டாள். அப்படியும் ஒரு மணி நேரம் வரிசை. வரிசை நகர நகரப் பேத்தியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. 32 வருடம் வகுப்பில் நின்றவளுக்கு அந்த முகம் தெரியாதா? பரீட்சை ஹாலின் வாசலில் பார்த்த முகம் அது. மேடை வரைக்கும் போய்விட்டோம். எங்கள் முறை வர இரண்டு ரயில்தான் பாக்கி. என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மாச்சி, என்னால முடியாது" என்றாள். பயந்தால் அவள் வாயில் தமிழ்தான் வருகிறது.

"ஒரு மணி நேரம் நின்னாச்சும்மா. ரெண்டே நிமிஷம். கண்ண மூடிக்கோ, முடிஞ்சிரும்" என்றார் மாப்பிள்ளை. அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. கை காலைப் பிடித்துத் தண்ணீரில் தூக்கிப் போட்டால் நீச்சல் வந்துவிடும் என்று நம் ஊரில் சொல்வார்கள். சிலருக்கு வந்தது. சிலர் கிணற்றுப் பக்கமே அப்புறம் போகவில்லை. "வா பாப்பா, போகலாம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். இப்படித் திரும்புகிறவர்களுக்கென்றே அங்கே ஒரு வழி இருக்கிறது. அங்கே வேலை பார்த்த பையன் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டான். படியிறங்கும்போது அவள் அழுதாள். நான் எதுவும் சொல்லவில்லை.

கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் கேட்டேன். "எது பயமா இருக்கு? உயரமா, வேகமா, வேற எதுவுமா?" கணக்கில் பயம் என்று ஒரு பிள்ளை சொன்னால் எந்தக் கணக்கில் என்று கேட்காமல் எதுவும் செய்ய முடியாது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். "அந்தக் கம்பியை லாக் பண்ணிட்டாங்கன்னா, ஸ்டாப் பண்ணுன்னு சொல்ல முடியாதுல்ல அம்மாச்சி" என்றாள்.

உயரமும் இல்லை, வேகமும் இல்லை. நடுவில் நிறுத்த முடியாது என்பதுதான். நியாயமான பயம். எனக்கே அது இருந்தது.

"சரி, எவ்வளவு நேரம் நிறுத்த முடியாது? அளந்து பார்ப்போமா?" என்றேன். போனில் ஸ்டாப்வாட்சை எடுத்தாள். ரயில் மேடையை விட்டுக் கிளம்புவதிலிருந்து திரும்பி வந்து பிரேக்கில் நிற்கும் வரை மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் ஏறத்தாழ 2 நிமிடம் 20 நொடி. அதில் ஏறுவதற்கு அரை நிமிடம்கூட இல்லை. முதல் பெரிய இறக்கம் சில நொடிதான். "அவ்ளோதானா?" என்று ஒரு மாதிரி பார்த்தாள். ஏறுகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பதில் ஜெமினிக்குப் போனோம். 1978இல் கட்டியது, 125 அடி. மரச்சட்டங்களின் மேல் இரும்புத் தண்டவாளம் போட்டு, இரண்டு ரயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டி போட விடுகிறார்கள். எதிர் ரயிலில் இருக்கிறவர்கள் கையை நீட்டி நம் கையைத் தொடப் பார்ப்பார்கள், எட்டாது. ஏறும்போது அடியில் "டக் டக் டக்" என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஏதோ உடைகிறது என்று பேத்தி என்னைப் பார்த்தாள். அது உடைகிற சத்தம் இல்லை. தண்டவாளத்தின் நடுவே பல் பல்லாக ஒரு பட்டை இருக்கிறது. ரயிலின் அடியில் இருக்கும் இரும்புக் கொக்கி ஒவ்வொரு பல்லிலும் விழுந்து விழுந்து ஏறுகிறது. சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருண்டுவிடாமல் அந்தக் கொக்கி பிடித்துக்கொள்ளும். நம்மைப் பயமுறுத்துகிற சத்தம்தான் நம்மைக் காப்பாற்றுகிற சத்தம் என்றதும் அவள் அதை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

இன்னும் சில விஷயங்களையும் அவளுக்குக் காட்டினேன். பெட்டியின் சக்கரம் தண்டவாளத்தின் மேலே மட்டும் இல்லை. பக்கவாட்டில் ஒரு ஜோடி, தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு ஜோடி இருக்கும். மூன்று பக்கமும் கவ்விப் பிடித்திருப்பதால் பெட்டி மேலே எழும்பி ஓட முடியாது. அடிச்சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்பவர் 1919இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் இவ்வளவு செங்குத்தான மேடுகளையே கட்ட முடிந்தது. பாதையையும் நம் ரயில்வே மாதிரி பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். முன்னால் இருக்கும் பகுதி காலியாகாமல் அடுத்த ரயிலை உள்ளே விடாது. விபத்தே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. எதை நம்பி உட்காருகிறோம் என்று தெரிந்து உட்காரலாம், அவ்வளவுதான்.

அடுத்தது மேக்னம். 1989இல் வந்தது, 205 அடி. முழுச்சுற்று ரோலர் கோஸ்டர்களில் 200 அடியைத் தாண்டிய முதல் ஆள் இவர்தான். ஏரிக்கரையை ஒட்டியே ஓடுகிறது. ஒவ்வொரு மேட்டைத் தாண்டும்போதும் உடம்பு சீட்டை விட்டு எழும்புகிறது, வயிற்றுக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிறது. லிஃப்ட் கயிறு அறுந்தால் உள்ளே இருப்பவரின் எடை என்ன என்று கேட்பேனே, நினைவிருக்கிறதா? "சைபர் டீச்சர், ஆளும் சைபர்" என்று ஒருத்தி சொல்லி வகுப்பே சிரித்தது. அந்த சைபரை அன்றைக்குத்தான் முதல்முதலாக உடம்பால் பார்த்தேன். நாம் எடை என்று உணர்வது பூமி இழுப்பதை அல்ல, நாற்காலி நம்மை மேலே தள்ளுவதைத்தான். நாற்காலி தள்ளுவதை நிறுத்தினால் குடலும் இரைப்பையும்கூடத் தங்கள் இடத்தில் லேசாக மிதக்கின்றன. இதை எத்தனை வருடம் போர்டில் அம்புக்குறி போட்டுச் சொல்லியிருப்பேன்! அம்புக்குறி வேறு, வயிறு வேறு.

வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். மதியம் காருக்கே திரும்பிப் போய் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். மகள் தயிர்சாதத்தில் மாதுளை போட்டிருந்தாள். அது எனக்குப் பிடிக்காது, ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ராப்டரை வேடிக்கை பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். காலைத் தொங்கவிட்டபடி ஆறு தடவை தலைகீழாகச் சுற்றுவது அது. எனக்கு விலக்கப்பட்ட பண்டம். ஆனால் பார்ப்பதற்கு டாக்டர் தடை போடவில்லையே. அந்தச் சுழலைக் கவனித்தால் அது வட்டமாக இல்லை. தலைகீழான கண்ணீர்த்துளி மாதிரி, மேலே வளைவு இறுக்கமாகவும் கீழே வளைவு விரிந்தும் இருக்கும். பிளஸ் ஒன்னில் செங்குத்து வட்ட இயக்கம் நடத்தும்போது நான் தண்ணீர் நிறைந்த வாளியைத் தலைக்கு மேல் சுற்றிக் காட்டுவேன், முன்பெஞ்சுக்காரர்கள் நோட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்குப்படி, சரியான வட்டத்தில் உச்சியைத் தட்டுத்தடுமாறிக் கடக்கிற வேகம் இருந்தாலே அடியில் வரும்போது உடம்பு தன் எடையைப் போல் ஆறு மடங்கு கனக்கும். 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் அப்படி வட்டமாகவே ஒன்றைக் கட்டி, ஏறினவர்களின் கழுத்தையெல்லாம் பதம் பார்த்தார்கள். பிறகு ஜெர்மனிக்காரர் வெர்னர் ஸ்டெங்கல் இந்தக் கண்ணீர்த்துளி வடிவத்தை வைத்துக்கொண்டு வந்தார். 1976இல் கலிஃபோர்னியாவில் அவர் வடிவமைத்தது ஓட ஆரம்பித்தது. கீழே ஆரம் அதிகம் என்பதால் கனம் குறைகிறது, மேலே ஆரம் குறைவு என்பதால் குறைந்த வேகத்திலேயே கடந்துவிடலாம். ஒரு சூத்திரத்தில் ஆரத்தை மாற்றிவிட்டு எத்தனை கழுத்தைக் காப்பாற்றியிருக்கிறார் பாருங்கள்.

கோனி தீவைச் சொன்னதும் இன்னொன்று. அங்கேதான் 1884இல் லாமார்கஸ் தாம்ப்சன் என்பவர் அமெரிக்காவின் முதல் ரோலர் கோஸ்டரை காசு வாங்கிக்கொண்டு ஓட்டினார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு 6 மைல், அதாவது 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் லேடிபேர்ட் சைக்கிள் அதைவிட வேகமாகப் போகும். அதற்கே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

இப்போது ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். 1994 என்று நினைவு. பிளஸ் ஒன் வகுப்பில் ஆற்றல் அழிவின்மை நடத்திக்கொண்டிருந்தேன். போர்டில் மேடும் பள்ளமுமாக ஒரு வளைகோடு வரைந்து, உச்சியில் ஒரு பெட்டியை வைத்து, இங்கே நிலையாற்றல், கீழே வந்தால் இயக்க ஆற்றல் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இதுல ஏறியிருக்கீங்களா டீச்சர்?" வகுப்பு சிரித்தது. நான், "இல்லடா. ஏறினா வந்து சொல்றேன்" என்றேன். அவனுக்கு இப்போது 47 வயது இருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. தம்பி, இதைப் படித்தால் கேட்டுக்கொள்.

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். யாரும் எதுவும் கேட்காமலேயே பேத்தி, "அம்மாச்சி, இப்போ போலாமா?" என்றாள். மாப்பிள்ளை வாயைத் திறக்கப் போனார், நான் கண்ணைக் காட்டினேன். பாவம், மூடிக்கொண்டார்.

இந்தத் தடவை வரிசையில் நாங்கள் இருவர் மட்டும். நேரம் போக வேண்டுமே என்று ஒரு கணக்குப் போட்டோம். முதல் இறக்கம் 300 அடி, அதாவது 91 மீட்டர். உச்சியில் எம்ஜிஎச், அடியில் அரை எம்வி ஸ்கொயர். இரண்டு பக்கமும் எம் அடிபட்டுப் போகிறது. ஒல்லியான பேத்தியோ, கொஞ்சம் கனத்த அம்மாச்சியோ, வேகம் ஒன்றுதான். இரண்டை 9.8ஆல், பிறகு 91ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு 42 மீட்டர் சொச்சம். மணிக்கு 152 கிலோமீட்டர். பூங்காக்காரர்கள் சொல்கிற வேகம் மணிக்கு 93 மைல், அதாவது 150. காற்றும் உராய்வும் எடுத்துக்கொண்டது போக மீதி! பேத்தி போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இட் மேட்ச்சஸ் அம்மாச்சி!" என்று கத்தினாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல வகுப்பு முடிந்த மாதிரி இருந்தது எனக்கு. மேடைக்கு ஏறியபோது அவள் கை சில்லென்றுதான் இருந்தது. பயம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் திரும்புகிற வழி இருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை.

உட்கார்ந்தோம். இடுப்பில் பெல்ட், மடிமேல் கம்பி. வேலை பார்க்கும் பெண் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினாள். என் மூக்குக்கண்ணாடி கீழே மகளிடம் இருந்தது. அதனால் மேலே ஏற ஏற எனக்கு ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெளிர்நீலம். சங்கிலிக்குப் பதில் இதில் இரும்புக் கயிற்றால் இழுக்கிறார்கள், அந்த "டக் டக்" சத்தமும் இல்லை. காற்றுச் சத்தம் மட்டும்தான். உச்சியில் முன்பெட்டி கவிழ்ந்து கண்ணிலிருந்து மறைந்தது.

80 டிகிரி சரிவு. செங்குத்துக்குப் பத்து டிகிரிதான் குறைவு. நான் கத்தினேன்.

அந்தப் போட்டோவில் டீச்சர் சிரிக்கிறாரா, பயப்படுகிறாரா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். 2021 மே மாதம் என் வீட்டுக்காரர் போனது உங்களுக்குத் தெரியும். பொதுத்தேர்வு சமயத்தில் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தவர். கொரோனா இரண்டாம் அலை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாமல் நேரே தத்தனேரிக்குக் கொண்டுபோனார்கள். மகளுக்கு விமானம் கிடையாது. எனக்கும் காய்ச்சல், தனியறையில் இருந்தேன். விஷயம் போனில்தான் வந்தது. ஒப்பாரி வைக்க ஆள் இல்லை, கட்டிக்கொள்ளக் கை இல்லை. வாய்விட்டு அழ ஆரம்பித்தால் இருமல் வந்தது. விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கியது. "அழாதம்மா, ஆக்சிஜன் கொறையுது, அழாதம்மா" என்று போனில் அண்ணன்தான் அழுதுகொண்டே சொன்னார். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ஆட்கள் வரலாம் என்று ஆனபோது எனக்கு அழுகை வரவில்லை. எத்தனை தைரியசாலி என்று எல்லோரும் சொன்னீர்கள்.

நாலு வருடம் கழித்து அந்தச் சரிவில் என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். கூட 30 பேர் கத்துகிறார்கள், யாரும் யாரையும் கவனிக்கவில்லை. இருமல் வரவில்லை. ரயில் கீழே போய், திரும்பி, செங்குத்தையும் தாண்டிச் சாய்ந்து வளைந்தபோதும் நான் நிறுத்தவில்லை. நடுவில் சிரித்தேனும்கூட, ஏனென்றால் பக்கத்தில் பேத்தி "அம்மாச்சி! அம்மாச்சி! அம்மாச்சி!" என்று சாமியைக் கூப்பிடுவது மாதிரி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

பிரேக்கில் நின்றது. கம்பி எழும்பியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாச்சி, அழறீங்களா?"

"ஆமா."

"ரொம்ப பயந்துட்டீங்களா?"

"இல்ல பாப்பா. தாத்தாவ நெனச்சேன்."

இறங்கும் பாதையில் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். பிறகு, "நான் தாத்தாவைப் பார்க்கவே இல்ல. அம்மா என்னை ரூமுக்குள்ள போகச் சொல்லிட்டாங்க, அவங்க மட்டும் போன்ல பாத்தாங்க" என்றாள். அப்போது அவளுக்கு 8 வயது. இத்தனை நாள் அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. "யாருமே சரியாப் பாக்கல பாப்பா" என்றேன். அவள் என் கையை விடவில்லை. கீழே நின்ற மகள் எங்கள் இரண்டு பேர் கண்ணையும் பார்த்துப் பதறிப்போய், "நான்தான் வேணாம்னு சொன்னேன்ல!" என்று ஆரம்பித்தாள். பேத்தி, "அம்மா, நாங்க இன்னொரு வாட்டி போறோம்" என்றாள். போனோம். இரண்டாவது தடவை அவள் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பின்சீட்டில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "தாத்தா ரோலர் கோஸ்டர்ல ஏறியிருக்காங்களா?" என்று கேட்டாள். எங்கே ஏற? ஆனால் ராட்டினத்தில் ஏறியிருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு, தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சிக்கு அழைத்துப்போனார். மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, ராட்டினத்தைப் பார்த்து நான் நின்றதும் கௌரவத்துக்காக இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். உச்சியில் ஆள் ஏற்றுவதற்காக நிறுத்தினார்கள். மதுரை முழுக்க விளக்கு, நாலு கோபுரமும் தெரிகிறது, நான் எட்டி எட்டிப் பார்க்கிறேன், தொட்டில் ஆடுகிறது. இவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அழகர்மலைக் கள்ளழகரை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மேல் தொட்டிலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து கோவிந்தா போட்டார்கள்.

மகள் முன்சீட்டில் இருந்து திரும்பி, "அப்பாவா? இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாதேம்மா" என்றாள். அவளும் இதைக் கேட்டதில்லை. கீழே இறங்கிய பிறகு அவர் என்ன சொன்னார் என்று நான் சொல்வதற்குள் டொலீடோ தாண்டியிருந்தது, பேத்தி தூங்கிவிட்டாள். மீதியை மறுநாள் காலை, இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.